பழைய செருப்பில் செய்த வெட்டுக்கிளி! பாய்ந்து கடிக்கும் விரால்: குஞ்சோடு இருந்தா மட்டும் விட்டுடுங்க...

ஆரம்பாக்கம்:-

தேய்ந்துபோன ஹவாய் செருப்பு வார் அறுந்தால் என்ன செய்வோம்? குப்பையில் வீசுவோம். ஆனால் கடலோர குப்பங்களில் செருப்புக்கு 2-வது வாழ்க்கை உண்டு. ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, வலையின் மேல் கயிற்றில் கோர்த்து விட்டால் அதுதான் மிதப்பு. காசு செலவு இல்லை. எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தாலும் ஊறாது.

அதே மாதிரி செருப்பு துண்டு வெளிநாடுகளில் வெட்டுக்கிளியாக மாறுகிறது. நிஜ வெட்டுக்கிளி என்று நம்பி மீன் ஓடிவந்து கடிக்கிறது. கடித்த பிறகுதான் உள்ளே முள் இருப்பது அதற்கு தெரியும். அமெரிக்காவில் இப்படி கட்டிய ஒரே ஒரு வெட்டுக்கிளியை கடையில் 2, 3 டாலர் கொடுத்து வாங்குகிறார்கள்.

"செருப்புல மீன் புடிக்கிறதா... என்னாப்பா கதை விடுற?" என்று கேட்க தோன்றும். கதை இல்லை. கட்டும் முறையும் கஷ்டம் இல்லை. அதை கட்டி எந்த மீன் மேல் போடுகிறோம் என்பதில்தான் பெரிய விஷயமே இருக்கிறது.

இதன் விவரம் வருமாறு:-

காற்று தள்ளும், மீன் கவ்வும்

வெட்டுக்கிளி தண்ணீரில் வாழும் பூச்சி இல்லை. புல்லில் இருந்து தாவும்போது காற்று வேகமாக அடித்தால் பக்கத்தில் உள்ள ஓடையிலோ குளத்திலோ விழுந்துவிடும். விழுந்ததும் பின்னங்காலை உதறி உதறி கரைக்கு போக பார்க்கும். அந்த உதறல்தான் அதற்கு எமன். தண்ணீர் மேல் வட்டம் வட்டமாக அலை கிளம்பும். கீழே இருக்கும் மீனுக்கு 'சாப்பாடு வந்தாச்சு' என்ற தகவல் போய்விடும்.

குளிர் தேசத்து ஆறுகளில் வாழும் ட்ரவுட் மீனுக்கு கோடைக்கால கடைசியில் இது விருந்து. மற்ற நாட்களில் கொசு அளவு பூச்சிகளை தேடித்தேடி தின்னும் மீன், ஒரு வெட்டுக்கிளி விழுந்தால் விடுமா? ஒரே பாய்ச்சல்தான்.

நிஜ வெட்டுக்கிளியை முள்ளில் குத்தி போட்டால் என்ன? போடலாம். ஆனால் 2 தடவை வீசினால் பிய்ந்து விழுந்துவிடும். தண்ணீரில் ஊறி மூழ்கிவிடும். அதற்காக கண்டுபிடித்ததுதான் பொய் வெட்டுக்கிளி.

1,800 வருஷத்து தந்திரம்

மீனுக்கு பொய் பூச்சி கட்டுவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் இதைப்பற்றி எழுதி வைத்திருக்கிறார். மாசிடோனியா நாட்டில் ஒரு ஆற்றங்கரை மக்கள், முள்ளில் சிவப்பு கம்பளி நூலை சுற்றி, சேவலின் தாடிக்கு கீழே வளரும் 2 இறகை வைத்துக்கட்டி மீன் பிடித்தார்கள் என்பது அவர் சொல்லும் தகவல்.

அதன் பிறகு நூற்றாண்டுக்கணக்கில் இறகும், நூலும், மான் முடியும்தான் மூலப்பொருள். மான் முடிக்குள் காற்று இருக்கும். அதனால் மிதக்கும். ஆனால் 4, 5 மீன் கடித்ததும் முடி நனைந்து கனத்துவிடும். துடைத்து காய வைக்க வேண்டும்.

இந்த தொல்லையை தீர்த்தது போம். செருப்பிலும், குழந்தைகள் விளையாடும் பாயிலும் இருக்கிற அதே மெத்து மெத்து சரக்குதான். உள்ளே லட்சக்கணக்கான குட்டி காற்று அறைகள். ஒவ்வொரு அறையும் மூடி இருப்பதால் தண்ணீர் உள்ளே புகாது. வெட்டினாலும் மிதக்கும், கிழிந்தாலும் மிதக்கும்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் உள்ள கிரீன் ஆற்றில் பிரபலமான ஒரு போம் பூச்சிக்கு 'செர்னோபில் எறும்பு' என்று பெயர். 1986-ம் ஆண்டு சோவியத் யூனியனில் அணு உலை வெடித்த ஊரின் பெயரை வைத்து விட்டார்கள். ரப்பர் கால்களோடு பார்க்க பூதம் மாதிரி இருக்கும். எறும்பு போலவும் இல்லை, வெட்டுக்கிளி போலவும் இல்லை. ஆனால் மீன் கடித்தது. மனுஷன் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கீழே இருந்து பார்க்கும் மீனுக்கு நிழலும், காலின் ஆட்டமும் சரியாக இருந்தால் போதும்.

ஊட்டிக்கு வந்த விருந்தாளி

ட்ரவுட் நம்ம ஊர் மீன் இல்லை. இங்கிலாந்தில் இருந்து வந்த துரைமார்களுக்கு ஊட்டி குளிர் பிடித்துப்போனது. ஓடைகளை பார்த்ததும் சொந்த ஊர் மீன் ஞாபகம் வந்துவிட்டது. 1863-ம் ஆண்டிலேயே பிரான்சிஸ் டே என்ற டாக்டர் நீலகிரிக்கு ட்ரவுட் மீனை கொண்டுவர முயற்சி செய்தார். பலிக்கவில்லை. 1900-களின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசின் மீன் நிபுணராக இருந்த எச்.சி.வில்சன் காலத்தில்தான் வானவில் ட்ரவுட் நீலகிரி ஓடைகளில் வேர் பிடித்தது. அவலாஞ்சியில் அமைந்த ட்ரவுட் மீன் பொரிப்பகம் அந்த காலத்தின் மிச்சம்.

அந்த மீனை பழவேற்காடு ஏரியில் விட்டால்? ஒரு நாள் கூட தாங்காது. தண்ணீரின் சூடு 20 டிகிரியை தாண்டினாலே அதற்கு திணறல் எடுக்கும். தண்ணீர் சூடாக சூடாக அதில் கரைந்திருக்கும் பிராண வாயு குறைந்துவிடும். நம்ம ஊர் மே மாத வெயிலில் அது வெந்தே போய்விடும்.

அப்படியானால் ஆரம்பாக்கத்தில் போம் வெட்டுக்கிளிக்கு என்ன வேலை? வேலை இருக்கிறது. கடிக்கிற மீன்தான் வேறு.

உப்பு தண்ணியில் எடுபடாது

ஆரம்பாக்கம் தமிழ்நாட்டின் வடக்கு எல்லை. தாண்டினால் ஆந்திராவின் தடா. கிழக்கே நொச்சிக்குப்பம், பாட்டைக்குப்பம், பெரிய மாங்கோடு, சின்ன மாங்கோடு என்று ஏரியை நம்பி வாழும் மீனவ கிராமங்கள். மேற்கே போனால் நெல் வயலும், மழைத்தண்ணீர் தேங்கும் ஏரி, குளம், தாங்கலும்.

பழவேற்காடு ஏரி உவர் தண்ணீர். அங்கே பிடிபடும் மடவை, சேற்றில் படிந்த பாசியை மேய்கிற மீன். அதற்கு வெட்டுக்கிளியை காட்டினால் திரும்பி கூட பார்க்காது. கிழங்கான், அடியில் புழுவை கிளறி தின்னும். மேலே மிதக்கிற பூச்சி அதன் கண்ணில் படாது. கொடுவா வேட்டை மீன்தான். ஆனால் அது விரட்டுவது இறாலையும் பொடி மீனையும். உப்பு ஏரி நடுவே வெட்டுக்கிளி ஏது? பழக்கம் இல்லாத தீனியை காட்டி எந்த மீனையும் ஏமாற்ற முடியாது.

மேற்கு பக்கத்து நல்ல தண்ணீர் குளத்துக்கு வாங்க. அங்கேதான் இருக்கிறார் ஹீரோ: விரால்!

எல்லைக்கு அந்தப்பக்கம் இதையே 'கொரமீனு' என்பார்கள். தெலுங்கானாவின் மாநில மீனே இதுதான். மலேசியாவில் பெயர் 'ஹாருவான்'. அங்கேயும் தாய்லாந்திலும் ரப்பர் தவளையை தண்ணீர் மேல் இழுத்து விரால் பிடிப்பவர்கள் ஏராளம்.

விராலுக்கு ஒரு விசேஷம் உண்டு. தண்ணீருக்குள் செவுளால் மூச்சு விடுவது மட்டும் போதாது. அடிக்கடி மேலே வந்து வாயை திறந்து காற்றை குடித்தாக வேண்டும். மார்க்கெட்டில் கொஞ்சம் தண்ணீரில் கூட விரால் உயிரோடு துள்ளுவதும், உயிர் விராலுக்கு நல்ல விலை கிடைப்பதும் இதனால்தான். மேல்மட்டத்தில் நடமாடும் மீன் என்பதால் மேலே விழுகிற தவளை, வெட்டுக்கிளி எதையும் விடாது. கிராமத்து பசங்க வயல் வரப்பில் வெட்டுக்கிளி பிடித்து, மூங்கில் கழியில் மாட்டி விரால் பிடிப்பது இந்த சூட்சுமம் தெரிந்துதான்.

இதை வெள்ளைக்காரர்களும் கவனித்தார்கள். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873-ல் இந்திய மீன்களை தூண்டிலில் பிடிப்பது பற்றி ஒரு புத்தகம் போட்டார். 1887-ல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக இன்னொரு புத்தகம் எழுதினார்.

கட்டுவது எப்படி?

தேவையான பொருட்கள்: தேய்ந்த செருப்பு, தூண்டில் முள், தையல் நூல், பழைய ரப்பர் பேண்ட், கோழி இறகு, பெவிக்விக் பசை, பிளேடு. முள்ளை அசையாமல் பிடிக்க ஒரு வைஸ். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிட்டர் வேலை பார்ப்பவர்களுக்கு இதை சொல்லித்தர வேண்டியதில்லை. வைஸ் இல்லாவிட்டால் கட்டிங் பிளேயரில் முள்ளை கவ்வ வைத்து, கைப்பிடியை ரப்பர் பேண்டால் இறுக்கி விடலாம்.

* ட்ரவுட்டுக்கு என்றால் 8, 10 நம்பர் சின்ன முள். விராலுக்கு அதைவிட பெரிய முள் வேண்டும். நம்பர் குறைய குறைய முள் பெரிதாகும் என்பதை மறக்க வேண்டாம். தண்டு நீளமான முள்ளாக பார்த்து வாங்க வேண்டும்.

* செருப்பை பிளேடால் மெல்லிய பட்டையாக சீவ வேண்டும். கனம் 2 மில்லி மீட்டர். அகலம், முள்ளின் தண்டுக்கும் நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளி அளவு. நீளம், தண்டைவிட ஒரு விரல் அகலம் கூடுதல்.

* முதலில் வெறும் தண்டில் நூலை நெருக்கமாக சுற்றி லேசாக பசை தடவ வேண்டும். இதை செய்யாவிட்டால் போம் தண்டை சுற்றி சக்கரம் மாதிரி உருளும். புதிதாக கட்டுபவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்.

* போம் பட்டையை தண்டின் மேல் படுக்க வைத்து, வால் பக்கத்தில் இருந்து 3, 4 இடத்தில் நூலால் கட்டிக்கொண்டே வர வேண்டும். கட்டிய இடம் பள்ளமாகி, நடுவே மேடு நிற்கும். வெட்டுக்கிளியின் வயிற்று மடிப்பு ரெடி! ரொம்ப இறுக்கினால் நூல் போமை கத்தி மாதிரி அறுத்துவிடும். முதல் சுற்று லூசாக, அடுத்தடுத்த சுற்று இறுக்கமாக போட வேண்டும்.

* முதுகு மேல் கோழி இறகு ஒரு துண்டு. அதுதான் சிறகு.

* ரப்பர் பேண்டை மெல்லியதாக கிழித்து பக்கத்துக்கு ஒன்றாக 2 கால். நடுவில் ஒரு முடிச்சு போட்டால் முட்டி மடங்கிய மாதிரி நிற்கும். கால்தான் உயிர். தண்ணீரில் ரப்பர் நடுங்கினால் வெட்டுக்கிளி உதறுவது போல் இருக்கும்.

* மிச்சம் இருக்கிற போமை முள்ளின் காது வரை கொண்டுபோய் பின்னால் மடித்து கட்டினால் தலை. 4, 5 முடிச்சு போட்டு ஒரு சொட்டு பசை.

* தலை மேல் சிவப்பு அல்லது மஞ்சள் செருப்பு துண்டு ஒரு பொட்டு வைக்கலாம். இது மீனுக்காக இல்லை. தூரத்தில் பூச்சி எங்கே மிதக்குது என்று பிடிப்பவர் பார்க்க.

கட்டியதை பக்கெட் தண்ணீரில் போட்டு பார்க்க வேண்டும். வயிறு பாதி முழுகி, முதுகு வெளியே தெரிந்தால் பாஸ். முள் நுனிக்கும் போமுக்கும் நடுவே வழி திறந்து இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். போம் அதிகமாகி அந்த வழி அடைபட்டால் மீன் கடிக்கும், மாட்டாது.

தெர்மாகோலில் கட்டினால் என்ன? மிதக்கும். ஆனால் ஒரு கடிக்கு உதிர்ந்து, வெள்ளை வெள்ளை முத்தாக தண்ணீர் பூரா பரவும். பறவையும் மீனும் அதை தின்னும். தெர்மாகோல் பக்கமே போக வேண்டாம்.

போடுவதற்கு மூங்கில் கழி போதும்

ட்ரவுட் பிடிப்பவர்கள் இதற்கென்றே தனி கழியும், தடித்த நரம்பும் வைத்திருப்பார்கள். பூச்சிக்கு எடை இல்லை. அதனால் நரம்பின் எடையை வைத்து வீசுவார்கள். அந்த செலவெல்லாம் இங்கே தேவை இல்லை.

அயர்லாந்து நாட்டில் காரிப் என்று பெரிய ஏரி இருக்கிறது. அங்கே நீளமான கழியில் லேசான நரம்பை கட்டி, காற்று தூக்கிப்போகிற போக்கில் பூச்சியை தண்ணீர் மேல் தொட்டு தொட்டு எடுப்பார்கள். ஆகஸ்ட் மாதம் வெட்டுக்கிளியைத்தான் மாட்டுவார்கள். நம்ம ஊர் பசங்க மூங்கில் கழியில் செய்வதும் இதே வேலைதான்.

காற்று முதுகு பக்கம் இருக்கும்படி நின்று, அல்லி இலை ஓரம், கோரைப்புல் ஓரம் பூச்சியை 'தொப்' என்று விழ வைக்க வேண்டும். விழுந்ததும் இழுக்கக்கூடாது. வட்டம் அடங்கும் வரை பொறுத்து, கழி நுனியை லேசாக ஆட்ட வேண்டும். விரால் கவ்வியதும் பதறி இழுத்தால் பூச்சி மட்டும்தான் கையில் வரும். வாய்க்குள் வாங்கி திரும்பும் வரை ஒரு மூச்சு பொறுக்க வேண்டும்.

பசியா, ஆத்திரமா?

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

விரால் எல்லா நேரமும் பசியால் கடிப்பதில்லை. மழைக்காலத்தில் முட்டை போட்டு குஞ்சு பொரித்ததும், தாயும் தகப்பனும் அந்த இடத்தை விட்டு நகராது. செக்கச்செவேல் என்று நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் ஒரே கூட்டமாக மேலே வந்து வந்து போகும். தண்ணீரே கொதிப்பது போல் தெரியும். அதற்கு கொஞ்சம் கீழே பெரிய விரால் காவல் நிற்கும். பாம்பு வந்தாலும் சரி, வேறு மீன் வந்தாலும் சரி, முட்டி தள்ளும்.

அந்த கூட்டத்தின் மேல் பொய் வெட்டுக்கிளியை போட்டால் தாய் விரால் உடனே பாயும். தின்பதற்கு இல்லை, பிள்ளையை காப்பாற்ற. முள்ளில் மாட்டுவது ரொம்ப சுலபம். திறமையே தேவையில்லை. அதனால்தான் குஞ்சு கூட்டத்தை தேடிப்போய் தூண்டில் போடுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

ஆனால் தாயும் தகப்பனும் போனால் அடுத்த நிமிஷமே குஞ்சுகள் அனாதை. கெண்டை, கெளுத்தி, தண்ணீர் பாம்பு, நாரை, கொக்கு எல்லாம் வந்து கூட்டத்தை காலி செய்துவிடும். ஒரு நாள் குழம்புக்காக அடுத்த வருஷ விரால் மொத்தமும் போச்சு. குளத்து மீனை நம்பி வலையும் படகும் இல்லாமல் கையாலும் தூண்டிலாலும் பிழைக்கிற குடும்பங்களுக்கு இது சோத்தில் மண் விழுகிற கதை.

பழவேற்காடு ஏரி மீனவர்களுக்கு இந்த நியாயம் புதிதல்ல. அங்கே 'பாடு' முறை உண்டு. இன்று யார், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வைத்து பிரித்துக்கொள்வார்கள். ஒருத்தரே எல்லாத்தையும் வாரிக்கொண்டு போகக்கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. தூண்டிலுக்கு அப்படி யாரும் முறை வைக்கவில்லை. பிடிப்பவர் மனசுதான் முறை.

சிவப்பு குஞ்சு கூட்டம் தெரிந்தால் கழியை சுருட்டிக்கொண்டு வேறு கரைக்கு போய்விடுங்க. அது தெரியாமல் தாய் மீன் மாட்டிவிட்டால், பிடித்த இடத்திலேயே உடனே விட்டுவிட வேண்டும். முள் நுனி ஓரம் பின்பக்கமாக நிற்கும் சின்ன செதிலை முன்கூட்டியே பிளேயரால் அமுக்கி வைத்திருந்தால், வாய் கிழியாமல் முள்ளை கழற்றலாம். நரம்பை தளர விடாமல் இழுத்தால், செதில் இல்லாவிட்டாலும் மீன் சுலபத்தில் தப்பாது.

மறக்கக்கூடாத 4 விஷயம்

1) ஏரி, குளத்து மீன் பாசி குத்தகை ஏலம் போயிருக்கலாம். ஏலம் எடுத்தவரை கேட்காமல் தூண்டில் போட்டால் வம்பு. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு போடுவது நல்லது.

2) முள் கையில் ஏறினால் வந்த வழியே வெடுக்கென்று இழுக்கக்கூடாது. சதை கிழியும். நரம்பை அறுத்துவிட்டு, முள்ளோடு ஆஸ்பத்திரிக்கு போய் எடுத்துக்கொண்டு, டி.டி. ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். செதில் அமுக்கிய முள் என்றால் ஆபத்து குறைவு. கழியை வீசும்போது பின்னால் குழந்தைகள் நிற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கண்ணில் பட்டால் கண் போச்சு.

3) அறுந்த நைலான் நரம்பை கரையில் போட்டுவிட்டு வரக்கூடாது. பழவேற்காடு பறவைகள் சரணாலயம். பூநாரையும், கொக்கும், நாரையும் மேய்கிற இடம். காலில் நரம்பு சுற்றினால் பறவை பட்டினி கிடந்தே சாகும். சுருட்டி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வாங்க. செருப்பு வெட்டிய துண்டுகளுக்கும் இதே கதைதான். மிதக்கிற சரக்கு மக்காது.

4) ஊட்டி பக்கம் போகும்போது ட்ரவுட் ஆசை வந்தால், அனுமதி வாங்காமல் ஓடையில் இறங்கக்கூடாது. அவலாஞ்சி, அப்பர் பவானி எல்லாம் காட்டுப்பகுதி.

தேய்ந்த செருப்பு, அறுந்த ரப்பர் பேண்ட், கோழி இறகு. மூன்றும் வீட்டில் குப்பைக்கு போகிற சாமான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகளை பக்கத்தில் உட்கார வைத்து ஒரு வெட்டுக்கிளி கட்டலாம். எந்த மீன் எதை தின்னும், எப்போ கடிக்கும் என்பதோடு, எப்போ விட்டுவிட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிக்கொடுத்து விடுங்க. அடுத்த மழைக்கும் குளத்தில் விரால் இருக்கும்.